கயிற்றின் இந்தப் பக்கம்

பெங்களூரு,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்கு இடுப்பில் எலும்பு சேர்ந்துவிட்டது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வாக்கர் வேண்டாம் என்று அடம் பிடிக்கிறார் என்று எழுதியிருந்தாய். பிடிக்கட்டுமே. 78 வயதில் அடம் பிடிக்கத் தெம்பு இருக்கிறதே, அதைச் சொல்லு.

கடைசி வரியில் கேட்டாயே, "அம்பது வயசுல பல்லி மாதிரி சுவர்ல ஏறுறியாம், உனக்கு என்னடி ஆச்சு?" என்று. உன் நாத்தனார் வழியாகச் சேதி கும்பகோணம் வரைக்கும் வந்துவிட்டது போல. ஏறுகிறேன்தான். ஆனால் பல்லியோடு சேர்க்காதே. பல்லி விழுந்தால் பலன் பார்க்கிறார்கள். நான் விழுந்தால் ஒருத்தரும் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதில்லை.

எல்லாம் நித்யா இழுத்துவிட்டது. இங்கே கண்டீரவா மைதானத்தில் செயற்கையாகக் கட்டிய ஏறுசுவர் ஒன்று பல வருடமாக இருக்கிறது. அவளைக் கொண்டுபோய் விடுவேன், பெஞ்சில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். ஒரு நாள், "கயிறு பிடிக்க ஆள் இல்லைம்மா, நீ கத்துக்கோயேன்" என்றாள். ஆக, ஏறுவதற்கு முன்னால் கயிறு பிடிக்கக் கற்றவள் நான். இன்றைக்கும் எனக்கு ஏறுவதைவிட அதுதான் பிடிக்கும். ஏறுகிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

பிலே என்று அதற்குப் பெயர். உச்சியில் இருக்கும் கொக்கி வழியாகக் கயிறு போய்த் திரும்புகிறது. ஒரு முனை ஏறுகிறவள் இடுப்புப் பட்டையில். மறு பக்கம், கீழே நிற்கிற என் இடுப்பில் மாட்டிய சின்ன உலோகக் கருவிக்குள் நுழைந்து என் கைக்கு வருகிறது. அவள் ஏற ஏறக் கயிறு தொய்யும், நான் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவள் கை நழுவினால் கயிற்றைக் கீழ்நோக்கி மடக்கிப் பிடிக்க வேண்டியதுதான். கருவிக்குள் வளைந்து உரசி நின்றுவிடும். திமிறுகிற மாட்டின் கயிற்றை உங்கள் தாத்தா தூணில் ஒரு சுற்றுச் சுற்றி ஒற்றைக் கையால் நிறுத்துவாரே, அதே சூட்சுமம். 52 கிலோ இருக்கிற நான் 75 கிலோ ஆளை நிறுத்தியிருக்கிறேன். என்ன, நானும் தரையைவிட்டு ஓரடி எழும்பிவிட்டேன். கயிறும் கிணற்றுக் கயிறு மாதிரி இல்லை, விழும்போது நீண்டு கொடுக்கும். நீளாத கயிறாக இருந்தால் தாங்குகிற வேகத்திலேயே இடுப்பு ஒடிந்துவிடும்.

சட்டம் ஒன்றே ஒன்று: கருவிக்குக் கீழே கயிற்றைப் பிடித்திருக்கும் கை, மூக்கு அரித்தாலும் கயிற்றை விடக்கூடாது. நான் கையை விட்டதில்லை. ஒரு தடவை கண்ணை விட்டேன். நித்யா மேலே இருந்தாள். பின்னால் யாரோ நம் ஊர்த் தமிழில் பேசுகிற குரல் கேட்டது, திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான். அதற்குள் தொய்வு சேர்ந்துவிட்டது. முழ அளவு இறங்க வேண்டியவள் ஓர் ஆள் உயரத்துக்கு விழுந்து கயிற்றில் ஆடினாள். திட்டவில்லை. மேலே இருந்தபடி "அம்மா, கயிறு" என்று மட்டும் சொன்னாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதெல்லாம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கியாயிற்று.

முடிச்சைப் பற்றிச் சொன்னால் உனக்குப் பிடிக்கும். கயிற்றில் முதலில் ஒரு எட்டுப் போட்டுக்கொள்வோம். முனையை இடுப்புப் பட்டையில் நுழைத்து, வந்த வழியிலேயே அந்த எட்டை ஒட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். முடிந்ததும் எங்கே பார்த்தாலும் இரண்டிரண்டு இழையாக ஓட வேண்டும், ஓரிடத்திலும் குறுக்கே ஏறக்கூடாது. சிக்குக் கோலம் போடுகிற உனக்கு இரண்டு நிமிட வேலை. அதைக் கயிறு பிடிக்கிறவள் தொட்டுப் பார்த்து, நான் அவள் கருவியைத் தொட்டுப் பார்த்து, அதற்குப் பிறகுதான் கால் தரையைவிட்டு எழ வேண்டும். இருபது வருடம் ஏறியவர்களும் இதைச் செய்கிறார்கள். இருபது வருடம் ஏறியவர்கள்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள்.

ஏறுவதில் எல்லாரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். கையால் தொங்கித் தொங்கி இழுத்தேன். விரலை மடக்குகிற தசை இருப்பது விரலில் இல்லை, முழங்கைக்குக் கீழே. அது பத்து நிமிடத்தில் கல்லாக இறுகிவிட்டது. வீட்டுக்குப் போய்த் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. கையை நீட்டியே வைத்துக்கொண்டு காலால் எழுந்து நில் என்பதுதான் முதல் பாடம். ஏணியில் ஏறும்போது நாம் என்ன கையாலா ஏறுகிறோம்?

அது சரியாகப் புரிந்தது ராமநகராவில். மைசூர் ரோட்டில் 50 கிலோமீட்டர், கருங்கல் குன்றுகள். அங்கே ராமதேவர பெட்டா பாறுக் கழுகுகளின் சரணாலயம். நாங்கள் போனது அதைவிட்டுத் தள்ளி ஒரு சரிவுப் பாறை. பிடிக்க ஒரு பள்ளம், ஒரு மேடு கிடையாது. ஆனால் கன்னத்தை வைத்துப் பார்த்தால் புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பை நம்பி, ரப்பர் ஷூவின் முன்பாதத்தை அழுத்தி நிற்க வேண்டும். பயந்து பாறையோடு ஒட்டிப் படுத்தால் வழுக்கும். உடம்பை வெளியே தள்ளி நிமிர்ந்து நின்றால் பிடிக்கும். மூளை இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. அங்கே உயரத்தைவிடப் பெரிய பயம் மலைத்தேனீ. கூடு கண்ணில் பட்டால் சத்தமில்லாமல் மூட்டை கட்ட வேண்டும்.

கயிறில்லாமல் ஏறுகிறார்களே, அது என்ன என்று கேட்டிருந்தாய். அது வேறு ஜாதி. அமெரிக்காவில் அலெக்ஸ் ஹோனால்ட், எல் கேபிடன் என்கிற 900 மீட்டர் பாறையில் 2017 ஜூன் 3 அன்று கயிறே இல்லாமல் 3 மணி 56 நிமிடத்தில் ஏறினார். அதே வழியில் அதற்கு முன் கயிறு கட்டிக்கொண்டு எத்தனை தடவை ஒத்திகை பார்த்தார் என்பதை யாரும் பேசுவதில்லை. இங்கே சித்ரதுர்கா கோட்டைச் சுவரில் ஏறிக் காட்டும் ஜோதி ராஜை 'கோத்தி ராஜ்' என்பார்கள், கோத்தி என்றால் குரங்கு. குரங்குகளைப் பார்த்தே கற்றவர், பிறந்தது நம் தேனிப் பக்கம். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

ஒலிம்பிக்கிலும் சேர்த்துவிட்டார்கள், தெரியுமோ? டோக்கியோவில்தான் முதல் தடவை. பாரிஸில் 15 மீட்டர் சுவரை இந்தோனேசியாவின் வெட்ரிக் லியோனார்டோ 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வாங்கினார். நித்யா துள்ளினாள். எனக்கு அது ஓட்டப் பந்தயத்தை நிமிர்த்தி வைத்தது போல இருந்தது. நான் நின்று, யோசித்து, இறங்கி, மறுபடி ஏறுகிற கட்சி.

போன குளிருக்கு பாதாமி போனோம். வரலாற்றுப் பாடத்தில் உருப்போட்டோமே, 'வாதாபி கொண்ட நரசிம்மவர்மன்', அந்த வாதாபி. சிவப்பு மணற்கல். ராமநகரா மாதிரி வஞ்சகம் இல்லை, கை வைத்த இடத்தில் அலமாரித் தட்டு போல விளிம்பு விளிம்பாக வருகிறது. பாறை வழிகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். உலகத்திலேயே கடினமானதற்கு 9சி, நான் ஏறியது வெறும் 5. உச்சிக்கு இரண்டு கை தூரத்தில் கால் தையல் மெஷின் போல் ஆட ஆரம்பித்துவிட்டது. கீழே பார்த்தேன். நித்யா அண்ணாந்து நின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு குரங்கு எங்கள் சாப்பாட்டுப் பையின் ஜிப்பைத் திறந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் கத்துகிறார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை.

ஏறி முடித்தேன். மத்தியானம் பட்டினி.

டிசம்பரில் அண்ணனுக்கு லீவு கிடைக்கும் என்றாயே, இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள உன் தங்கை வருவாள் அல்லவா? ஏறச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டேன், கயிறு பிடித்தால் போதும். ஒருவேளை ஆசை வந்தால், நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா. மோதிரம் ஆகாது, பாறை இடுக்கில் மாட்டினால் விரலோடு போகும். ஷூ இறுக்கமாக இருப்பதால் மெட்டியும் போட முடியாது. நான் கழற்றியதற்கு இங்கே ஒரு மாதம் பேச்சு வாங்கினேன். உன் மாமியாரிடம் நீயே பேசிக்கொள்.

அன்புடன்,
உமா