ஏரிச் சாலையில் நான்காவது சுற்று

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ இருமலை அடக்கிக்கொண்டே பேசினாய். மூன்று நாளாகக் காய்ச்சல், ராத்திரியில் 101 வரை போகிறது, மாத்திரை போட்டால் இறங்கிவிடுகிறது, பெரிதாக ஒன்றுமில்லை என்றாய். அதே மூச்சில் கொடைக்கானல் பேச்சுக்குப் போய்விட்டாய். 27-ஆம் தேதி விடியற்காலையில் ஏரியை ஆறு சுற்று, மொத்தம் 30 கிலோமீட்டர், மும்பை மாரத்தானுக்கு முன்னால் கடைசி நீண்ட பயிற்சி ஓட்டம், அதை மட்டும் விடவே முடியாது என்றாய். நானும் "சரி, உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலாண்டு லீவில் அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போனோமே, அந்த வருஷம்தான் சென்னை மாரத்தானில் முதல் தடவையாக முழு மாரத்தானுக்கு, 42 கிலோமீட்டருக்கு, பெயர் கொடுத்திருந்தேன். ஜனவரி வந்ததும் பாதி தூரத்துக்கு, 21-க்கு, மாறிக்கொண்டேன். பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ், பயிற்சிக்கு நேரமில்லை என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். காரணம் கொடைக்கானலில் நடந்தது.

மதுரையிலிருந்து கிளம்பும்போதே தொண்டை கரகரவென்று இருந்தது. வத்தலக்குண்டில் டீ குடிக்க இறங்கியபோது முதுகில் குளிர் ஓடியது. அப்பத்தா என் கையைப் பிடித்து, "என்னத்தா, இப்படிச் சுடுது?" என்று கேட்டார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தேன், வெயில் என்று சமாளித்தேன். மலை ஏறி, வெள்ளி அருவியில் நீங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ராத்திரி 100.8. மாத்திரை போட்டுப் படுத்தேன். விடிகாலையில் பார்த்தால் 99. போதும், இறங்கிவிட்டது என்று ஷூவை மாட்டிவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். அலமாரியில் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கும், பார்த்திருப்பாய். ஒவ்வொரு நாளும் ஓடி முடித்ததும் அதில் ஒரு கட்டத்தில் டிக் போடுவேன். பதினோரு வாரம், ஒரு கட்டம்கூடக் காலியில்லை. உன்னையும் தம்பியையும் பள்ளிக்கு அனுப்ப, அப்பாவுக்கு டிபன் கட்ட, அப்பத்தாவுக்கு மாத்திரை கொடுக்க என்று இருபத்தைந்து வருஷம் அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறேன். எனக்காக எழுந்தது 47 வயசில்தான். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்து, பிறகு ஓடி, அழகர்கோவில் ரோட்டில் 21 கிலோமீட்டர் போய் நின்ற அன்றைக்கு அழுதிருக்கிறேன். அந்த நோட்டில் ஒரு வெற்றுக் கட்டம் விழுவதை என்னால் பார்க்க முடியவில்லை, பாப்பா. நீ எதை விட மாட்டேன் என்கிறாய் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் "ஓடாதே" என்று ஒரே வார்த்தையில் உன்னிடம் சொல்ல முடியவில்லை.

அன்றைக்குத் திட்டத்தில் 25. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், ஐந்து சுற்று, கணக்கு சரியாக வந்தது. நீங்கள் எல்லோரும் கம்பளிக்குள் இருந்தீர்கள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு ஐந்தேகாலுக்கு இறங்கினேன். பனிமூட்டத்தில் தண்ணீரே தெரியவில்லை. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ் 1863-ல் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி என்று அப்பா ஒவ்வொரு தடவையும் சொல்வாரே, அது நட்சத்திர வடிவம். தண்ணீர் கைகைகளாக உள்ளே போகும், ரோடும் கூடவே வளைந்து போகும். எதிர்க்கரை விளக்கு இதோ பக்கத்தில் என்று தோன்றும். அதைத் தொடுவதற்குள் இன்னொரு வளைவு வந்துவிடும்.

முதல் சுற்றிலேயே மூச்சு வாங்கியது. மலைக்காற்று அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதிலும் பாதி உண்மை இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். மதுரையில் இழுக்கிற ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அங்கே குறைவு. நல்ல உடம்போடு போனாலே முதல் இரண்டு மூன்று நாள் நெஞ்சு கூடுதலாக அடித்துக்கொள்ளும். காய்ச்சலும் தன் பங்குக்கு அதை ஏற்றிவிடும். நான் இரண்டையும் சுமந்துகொண்டு, மதுரையில் ஓடுகிற அதே வேகத்தில் ஓடினேன்.

நான்காவது சுற்றில், பிரையண்ட் பூங்கா தாண்டி, நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டுப்போனது. மாடிப்படியில் கடைசிப் படி இருக்கிறது என்று கால் வைத்து, அது இல்லாமல் போனால் உடம்பு தூக்கிவாரிப் போடுமே, அப்படி. அடுத்து இரண்டு துடிப்பு சேர்ந்து வந்தது. வாட்சைப் பார்த்தேன், 178. நடக்க ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷம் நடந்தும் 150-க்குக் கீழே இறங்கவில்லை. வேர்வை ஐஸ் மாதிரி இருந்தது, விரல் நுனியில் உணர்ச்சி இல்லை. ரோட்டோரக் கட்டைச் சுவரைப் பிடித்து உட்கார்ந்தேன். போனை ரூமிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். நீ எழுந்ததும் அம்மா எங்கே என்று தேடுவாயே என்பது ஒன்றுதான் மனசில் ஓடியது.

குதிரைக்காரர் ஒருவர் அந்த நேரத்தில் சவாரிக்குக் குதிரையைக் கொண்டுவந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து நின்று, குதிரை முதுகில் கிடந்த போர்வையை எடுத்து என் தோளில் போட்டார். குதிரை வாசமும் ஈரக் கம்பளி வாசமும் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. நான் இருமினேன். "காய்ச்சலோட ஓடுனீங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இத்தனை நேரம் யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேன். "இருமுற குதிரைய நாங்க ரோட்டுக்கே கொண்டார மாட்டோம்மா. ஒரு நாள் சவாரிக்கு ஆசைப்பட்டா குதிரையே போயிரும்" என்றார். நாங்கள் தங்கியிருந்த இடம் வரைக்கும் குதிரையைக் கையில் பிடித்தபடி என் பக்கத்திலேயே மெதுவாக நடந்து வந்தார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.

உள்ளே வந்து, கால் பிசகிவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். நீ என் காலை எடுத்து மடியில் வைத்து, யூகலிப்டஸ் தைலம் தேய்த்து, உன் துப்பட்டாவை மடித்துக் கட்டுப் போட்டாய். அது நல்ல கால். கட்டு இறுக்கமா இருக்காம்மா என்று நீ கேட்கக் கேட்க நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று மத்தியானம் நீங்கள் நாலு பேரும் பெடல் படகில் போனீர்கள், அப்பத்தா முதல் தடவையாகப் படகில் ஏறினார். அவர் சிரித்த சிரிப்பு கரை வரைக்கும் கேட்டது. நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கட்டில் நாடியை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பத்தா இன்று இல்லை. அந்தப் படகில் நானும் இருந்திருக்க வேண்டும்.

மதுரை வந்த மறுநாளே தனியாக டாக்டரிடம் போனேன். ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. ஆனால் டாக்டர் என்னை உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னார். சாதாரணச் சளிக்காய்ச்சல் தருகிற வைரஸே சில பேருக்கு இதயத் தசையில் போய் வீக்கத்தை உண்டாக்கும். அந்த நிலையில் உடம்பை விரட்டினால் துடிப்பு தாளம் தப்பலாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆளை விழவைத்துவிடலாம், வயசு குறைந்த, நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கும் இது நடக்கலாம் என்றார். வீக்கம் இருப்பது உறுதியானால் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை ஓட்டத்தைத் தொடக்கூடாதாம். எனக்கு அது இல்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் 62 இருக்க வேண்டிய நாடி 80-லேயே நின்றது. அது இறங்க ஐந்து வாரம் ஆனது. நாலு நாள் படுத்திருந்தால் தீர்ந்திருக்க வேண்டியது. நோட்டில் ஐந்து வாரமும் காலி.

அப்போது அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை உனக்குச் சொல்கிறேன். கழுத்துக்கு மேலே மட்டும் தொந்தரவு என்றால், அதாவது மூக்கு ஒழுகல், தும்மல், லேசான தொண்டை எரிச்சல், அப்போது நடக்கலாம், மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓடலாம். கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், நெஞ்சிலிருந்து வருகிற இருமல், உடம்பு வலி, வயிற்றுப்போக்கு என்று வந்துவிட்டால், ஓடக்கூடாது. காய்ச்சல் இருந்தால் பேச்சே இல்லை. நேற்று நான் கேட்ட இருமல் நெஞ்சிலிருந்து வந்தது. மாத்திரை போட்டு 99 ஆனதும் குணமாகிவிட்டதாக நினைக்காதே. பாரசிட்டமால் சூட்டை இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. கால் வலிக்கு நீ பையில் வைத்திருக்கிறாயே ஐபுப்ரோஃபென், அதைக் காய்ச்சலில் நீர்ச்சத்து குறைந்த உடம்போடு போட்டுக்கொண்டு ஓடினால் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அதை இப்போதே எடுத்து வெளியே வை.

நீ ஓட்டவீரர் ஸாட்டோபெக்கைப் பேச்சில் இழுப்பாய். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிவிட்டு, வாழ்க்கையிலேயே முதல் மாரத்தானை ஓடி அதிலும் தங்கம் வாங்கியவர். நீ பள்ளியில் படிக்கும்போது உனக்கு அவர் கதையைச் சொன்னதே நான்தான். 1956-ல் குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டு மெல்போர்னில் வந்து ஓடினார், ஆறாவதாக வந்தார். அதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள். அதோடு, அவர் ஓடியது ஒலிம்பிக் பந்தயம். நீ ஓடப்போவது பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு பயிற்சி ஓட்டம்.

அந்த 30 கிலோமீட்டர் உனக்குப் புதிதாக எதையும் தரப்போவதில்லை, கண்ணு. ஆகஸ்டிலிருந்து நாலரை மணிக்கு எழுந்து மரைன் டிரைவில் ஓடிவிட்டு, குளித்துக் கிளம்பி லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே ஆபீஸ் போயிருக்கிறாய். அது உன் காலில் இருக்கிறது. பத்து நாள் படுத்தால் அது கரைந்துவிடாது. கொஞ்சம் குறையும், அதில் பெரும்பகுதி ரத்தத்தில் உள்ள நீரின் அளவு குறைவதால் வருவது. ஓட ஆரம்பித்ததும் சீக்கிரம் திரும்பிவிடும். எப்படியும் கடைசி மூன்று வாரம் எல்லோரும் தூரத்தைக் குறைத்துக்கொண்டுதானே வருவார்கள். உனக்கு அது ஒரு வாரம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள். ஜனவரி மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை பந்தயப் பாதையில் வருகிற பெடர் ரோடு ஏற்றத்தில் உன் காலுக்குத் தெம்பு வேண்டும். இப்போது நெஞ்சைக் கெடுத்துக்கொண்டால் அந்த ஏற்றம் வரைக்கும் நீ போகவே மாட்டாய்.

25-ஆம் தேதி காலை நீ மதுரை வந்ததும் முதலில் எங்கள் டாக்டரிடம் போகிறோம், நேரம் கேட்டு வைத்திருக்கிறேன். அப்புறம்தான் மலை. இந்தத் தடவை சமையலறை உள்ள வீடாகப் பார்த்துப் போட்டிருக்கிறார் அப்பா. மலைப்பூண்டை அங்கேயே வாங்கி மிளகு ரசம் வைக்கிறேன். மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு நாலைந்து நாள் ஆகி, இருமலும் நின்று, டாக்டரும் சரி என்றால், 27-ஆம் தேதி நீயும் நானும் ஏரியை ஒரு சுற்று நடக்கலாம். வெளிச்சம் வந்த பிறகு, ஸ்வெட்டரோடு. அந்தக் கட்டைச் சுவரை உனக்குக் காட்டுகிறேன். அந்தக் குதிரைக்காரர் அங்கே இருந்தால் உன்னை அவரிடம் கூட்டிப்போக வேண்டும், உன் அம்மாவை நடத்திக் கூட்டிவந்தவர். மத்தியானம் எல்லோரும் படகில் போவோம், இந்தத் தடவை நானும் ஏறுவேன்.

ஜனவரியில் 42 ஓட முடியாமல் போனாலும் எனக்கும் அப்பாவுக்கும் மும்பைக்கு டிக்கெட் போட்டாயிற்று, வருகிறோம். நான் 21-க்கு மாறிய அடுத்த வருஷம்தான் 42 ஓடினேன். கடைசிக் கிலோமீட்டரில் நீ என் கூடவே ஓடி வந்தாயே. உனக்கும் நான் அப்படி ஓடி வருவேன், அது இந்த வருஷமானாலும் அடுத்த வருஷமானாலும்.

காலைப் பற்றிப் பொய் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு. அந்தத் துப்பட்டாவை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

நாளைக்குக் காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காராமல், மாத்திரை போடுவதற்கு முன்னால், ஒரு நிமிஷம் முழுசாக நாடியை எண்ணி எனக்கு அனுப்பு. சூடு எவ்வளவு என்றும் பார்த்துச் சொல். ஆறு மணியிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா