சோம்பேறித்தனமா ஐயா அது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஒய்2கே கட்டுரைய, அதான் வருஷத்த ரெண்டு இலக்கத்துலயே எழுதுனதால 2000த்த கம்ப்யூட்டர் 1900ன்னு எடுத்துக்கற கோளாறு பத்துனத, ரெண்டு தடவ படிச்சேன். "அன்றைய புரோகிராமர்களின் சோம்பேறித்தனம், கடைசியில் எல்லாம் புஸ்வாணம்"னு ஒரே வரியில எங்க எல்லாரையும் அடிச்சுட்டாரு எழுதுனவரு. அவர் எழுதட்டும், நீங்க எப்படி ஐயா அத விட்டீங்க? பஞ்ச் கார்டுல, அதான் ஓட்டை போட்டு கம்ப்யூட்டருக்கு தகவல் குடுக்கற அட்டையில, 80 கட்டம் தான்னு படத்தோட தொடர் போட்டவரே நீங்க தானே.

ஒரு ஆளோட பதிவுல அஞ்சு தேதி இருந்தா, வருஷத்துல முன்னாடி வர்ற 19ங்கறத விட்டாலே பத்து கட்டம் மிச்சம், கார்டுல எட்டுல ஒரு பங்கு. 1959ல வந்த ஐபிஎம் 1401 கம்ப்யூட்டர்ல ஆரம்ப மெமரியே 1,400 எழுத்து தான். அதுக்குள்ள கணக்கு போட்டவங்கள சோம்பேறின்னு சொல்ல மனசு எப்படி வருது? அப்புறம் மெமரி விலை குறைஞ்சது உண்மை, ஆனா பழைய ஃபைல் எல்லாம் அதே அளவுல தானே இருந்துச்சு, ஒண்ண மாத்துனா அத படிக்கிற ஐம்பது புரோகிராமையும் மாத்தணும். அதுக்கு காசு கேட்டா மேல இருக்கறவங்க "2000க்கு இன்னும் நாள் இருக்கு"ன்னாங்க. பாப் பீமர்னு ஒரு அமெரிக்க கம்ப்யூட்டர் நிபுணர் 1970கள்லயே எச்சரிச்சு எழுதுனாரு, யாரு கேட்டா?

நான் 1998ல ஒரு நிதி நிறுவனத்துல கோபோல்ங்கற பழைய கம்ப்யூட்டர் மொழியில எழுதுன புரோகிராம்கள பாத்துட்டிருந்தேன். 2003ல முடியற கடன் ஒண்ணு. 03ல இருந்து 98 போனா மைனஸ் 95 வரணும், ஆனா விடை போய் உக்கார்ற இடத்த வெறும் ரெண்டு இலக்கம்னு வச்சிருந்தாங்க, மைனஸ் குறி நிக்காது. அதனால பாக்கி 95 வருஷம்னு எடுத்துகிட்டு வட்டி போட்டுட்டு போகுது. எர்ரர் ஒண்ணும் வராது, மெஷின் நிக்காது, பிரின்ட் அவுட் அழகா வரும், அது தான் ஐயா பயம். தேதி வச்சிருந்த ஃபீல்டுக்கு டேட்னு பேராவது இருந்துச்சா, எக்ஸ்3, டபிள்யூ7னு வச்சிருப்பாங்க, ஒவ்வொரு வரியா கண்ணால தேடுனோம். இன்னொரு ஃபைல்ல வருஷம் 99னா "முடிவு தேதி இல்ல"ன்னு அர்த்தம், நெஜ 99 வந்தப்ப ரெண்டும் கலந்துடுச்சு. 2000 லீப் வருஷம் இல்லன்னு எழுதி வச்ச புரோகிராமும் கையில கிடைச்சது. 100ஆல வகுபட்டா லீப் இல்லங்கறது வரைக்கும் தெரிஞ்சிருக்கு, 400ஆல வகுபட்டா லீப் தான்ங்கற விதி தெரியல.

1999 டிசம்பர் 31 ராத்திரி நாங்க ஆறு பேர் மெஷின் ரூம்ல தான் இருந்தோம், வீட்டுல யாரும் எங்கள பாக்கல. ஒண்ணும் நடக்கலன்னா அது வேலை பாத்ததால தான் நடக்கல. நடந்த இடமும் இருக்கே, இங்கிலாந்துல ஷெஃபீல்ட்ல கர்ப்பிணிகளோட வயச தப்பா கணக்கு போட்டு 150 பேருக்கு மேல டவுன் சிண்ட்ரோம் டெஸ்ட் ரிசல்ட் தப்பா போச்சு. அது புஸ்வாணமா?

இதோட விட்டிருப்பேன். ஏழு வருஷம் முன்னாடி ஒய்2கேவ "வைரஸ்"னு போட்டீங்க, அப்பவும் கடிதம் போட்டேன், பாதிய வெட்டி போட்டீங்க, வெட்டுன பாதியில தான் விஷயமே இருந்துச்சு. ரெண்டு இலக்க வருஷம் 50க்கு கீழ இருந்தா முன்னாடி 20, மேல இருந்தா 19னு சேத்துக்கற மாதிரி நாங்க கட்டுன ஒட்டு தற்காலிகம்னும், சிலர் அந்த எல்லைய 20லயே வச்சிருக்காங்கன்னும் அதுல சொல்லியிருந்தேன். எல்லை 20ன்னா, 2020 வந்த உடனே அது 1920 ஆயிடும்ல?

மறுப்பு போடுங்கன்னு கேக்கல. உங்க சந்தா ஃபார்ம்ல பிறந்த வருஷத்துக்கு ரெண்டு கட்டம் தான் இருக்கு, 21ன்னு எழுதுனா 1921ஆ 2021ஆன்னு எப்படி தெரியும்? அத நாலு கட்டமா ஆக்குங்க, அடுத்த சந்தா புதுப்பிக்கறதுக்குள்ள.

இப்படிக்கு,
22 வருஷமா உங்க சந்தாதாரர்