வரிக்கு 10 புள்ளிதானா? நம் ஊர் ராப் போட்டிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தீபாவளிக் கலை இரவு ஏற்பாட்டுக் குழுவில் இருக்கும் ஐயாமார்களுக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

இந்த வருடமும் மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் ராப் போட்டி உண்டு என்று வாட்சாப்பில் செய்தி வந்தது. ரொம்ப சந்தோஷம். நம் டவுனில் பிள்ளைகளுக்கு மேடை கிடைப்பதே அரிது, அதற்காக நீங்கள் கடை கடையாக ஏறி நன்கொடை கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இதைச் சண்டைக்காக எழுதவில்லை. விதிமுறைத் தாளைப் படித்த பிறகு இரண்டு நாள் மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தாள் போன வருடத்துத் தாளேதான், தேதியை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். மொத்தம் 100 புள்ளி. அதில் கூட்டத்தின் வரவேற்புக்கு 40, மேடைத் தோற்றத்துக்கு 30, தாளத்துக்கு 20, வரிகளுக்கு 10. அதற்குக் கீழே, எல்லாருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டாக இருந்தால் நல்லது, ஒருவரை ஒருவர் தாக்கிப் பாடக்கூடாது, கொச்சைத் தமிழ் பேசினால் புள்ளி குறையும்.

போன வருடம் நான் என் மகனோடு கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஏழாவதாக ஒரு பெண்பிள்ளை வந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் வேலை, அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது. மினுக்குச் சட்டை இல்லை, பின்னால் ஆட ஆள் இல்லை. தானே எழுதிக்கொண்டு வந்த வரிகள். அதில் இரண்டு வரி இன்னும் என் காதில் இருக்கிறது:

பெரட்டுக்கு விடியமுன்ன நின்னா பாட்டி, கையில கத்தி
மிரட்டுற மிஷின் முன்ன விடியவிடிய நிக்கிறா பேத்தி

கொஞ்சம் நிதானமாக இந்த இரண்டு வரியைப் பாருங்கள். பெரட்டு, மிரட்டு: எதுகை. கத்தி, பேத்தி: கடைசியில் இயைபு. பாட்டியின் விடியலுக்கு முந்திய நேரமும் பேத்தியின் விடிய விடிய நிற்கும் நேரமும் ஒரே சொல்லில் வந்து மோதுகின்றன. ரப்பர் பாலுக்காக மரம் வெட்டிய தலைமுறையிலிருந்து தொழிற்சாலைத் தலைமுறை வரை அறுபது வருடக் கதை இரண்டு வரிக்குள் வந்துவிட்டது. அவளுக்கு "நின்னா", "பெரட்டு" எல்லாம் கொச்சை என்று புள்ளி வெட்டப்பட்டது. முதல் பரிசு, சினிமாப் பாட்டை அப்படியே ஓடவிட்டு அதன் மேல் வாயசைத்த ஒரு தம்பிக்குப் போனது. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை, நன்றாக ஆடினான், உங்கள் தாள் கேட்டதை அவன் கொடுத்தான்.

பெரட்டு என்பது கொச்சையா? தோட்டத்தில் காலை இருட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுத்த இடத்துக்கு நம் தாத்தா பாட்டிகள் வைத்திருந்த சொல் அது. அதற்கு வேறு சொல் நம்மிடம் கிடையாது.

அப்புறம் பரிசு கொடுக்கும் முன்பு நடுவர்களில் ஒருவர் மைக்கில், இப்போது வருவதெல்லாம் ராப்பே இல்லை, நம் மலேசிய ராப்பர் யோகி பியோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றார். பின்னால் நின்ற பையன்கள் கூச்சல் போட்டார்கள், தமிழ்நாட்டு ராப்பர்களில் ஆதிதான் பெரிசு, இல்லை அறிவுதான் பெரிசு என்று. வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் மகனும் என்னிடம் இதையேதான் கேட்டான். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் புள்ளி முறைக்கும் இந்தச் சண்டைக்கும் வேர் ஒன்றுதான்: ராப்பை எதை வைத்து அளக்கிறோம் என்பது.

நானும் யோகி பி ஆள்தான். 2006இல் யோகி பி அண்ட் நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' தொகுப்பு வந்தபோது எனக்கு 19 வயது. ஈப்போவுக்கு பஸ் ஏறிப் போய் அசல் சிடி வாங்கினேன், பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கள்ள சிடி மூன்றில் ஒரு விலைக்குக் கிடைத்தும்கூட. அதற்கு முன்பே 1998இல் பொயெட்டிக் அம்மோ குழுவில் ஆங்கிலம், மலாய், தமிழ், கன்டனீஸ் என்று நான்கு மொழியிலும் ராப் போட்டு இந்த நாட்டு வானொலியையே திரும்பிப் பார்க்க வைத்தவர் யோகி பி. 'வல்லவன்' எனக்குச் செய்தது வேறு. 1980இல் வந்த இளையராஜா பாட்டு ஒன்றை எடுத்து, அதற்கு நடுவே யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூன்று பேரும் தங்கள் சொந்த வரியைப் போட்டார்கள். அந்தப் பாட்டு தமிழ்நாடு வரை போனது. மலேசியாவிலிருந்து ஒரு தமிழ்க்குரல் அங்கே போய் அதிர்ந்ததை தோட்டத்து வரிசை வீடான லயத்தில் உட்கார்ந்து டிவியில் பார்த்த எங்களுக்கு அது என்னவாக இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியவில்லை. யோகி பியின் பலம் குரலின் கனம், ஒரு வரிக்குள்ளேயே மூன்று நான்கு இடத்தில் ஓசையை மோதவிடும் கட்டு. ஒரே பாட்டில் மூன்று பேர் வரும்போது, முன்னால் பாடியவனைவிட நான் நன்றாக எழுதியாக வேண்டும் என்ற நெருக்கடியும் அதில் தெரியும். கூட்டாளிகளுக்குள்ளேயே போட்டி இருந்தது.

ஹிப்ஹாப் தமிழா ஆதி வேறு ரகம். 2011, 2012 வாக்கில் யூடியூப் வழியாக வந்தவர். வரியின் அடர்த்தி யோகி பி அளவுக்கு இல்லை, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று என் மகன் சொல்லுவான், ஆனால் என் காதுக்கு அப்படித்தான். அவரை ஊரெங்கும் கொண்டுபோன முதல் பாட்டில் பெண்களைத் திட்டும் வரிகள் எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு தடவை கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும் வரியை எழுதும் திறமை சின்னத் திறமை இல்லை. கம்பெனி வேண்டாம், சினிமா வேண்டாம், ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் போதும் என்று ஆயிரம் பையன்களை நம்ப வைத்தவர் அவர்.

அறிவு எனக்கு எல்லாரையும்விட நெருக்கம். 2017இல் இயக்குநர் பா. ரஞ்சித் தொடங்கிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழுவின் மேடையிலிருந்து வந்தவர், 2019இல் 'தெருக்குரல்' என்ற தொகுப்பு. 2021இல் பாடகி தீயோடு சேர்ந்து 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தபோது உலகமே ஆடியது, என் அம்மா மட்டும் ஆடவில்லை, சமையல்கட்டில் நின்றபடி அழுதார்கள். அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து பிறகு தமிழகத்துக்குத் திரும்பியவர், அந்தப் பாட்டு அவருடைய வாழ்க்கையிலிருந்து வந்தது. மரத்தை நட்டவனுக்கு மண் சொந்தமில்லை என்ற வலியை என் அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டம் விற்றதும் லயத்தைக் காலி செய்துவிட்டு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தவர்கள் நாங்கள். ஒப்பாரியின் இழுப்பையும் ராப்பின் வெட்டையும் ஒரே மூச்சில் அறிவு கொண்டுவந்தார். யோகி பியிடம் அது இல்லை. அவர் காலத்தில் அது கேட்கப்படவும் இல்லை.

சரி, ராப் மாறிவிட்டதா என்றால் மாறிவிட்டது. அது பிறந்ததிலிருந்தே மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு அடுக்குமாடிக் கூடத்தில் டிஜே கூல் ஹெர்க் இரண்டு இசைத்தட்டை மாற்றி மாற்றிச் சுழற்றித் தாளம் மட்டும் வரும் இடத்தை நீட்டியபோது, நடுவில் நின்று பேசியவனுக்குப் பெரிய இடமே இல்லை. பேச்சு பாட்டாக வளர்ந்தது அதற்குப் பிறகு. முதல் பத்து வருடம் வரிக்கடைசியில் மட்டும் ஓசை சேர்ந்தால் போதும் என்று இருந்தது. 1986, 1987 வாக்கில் ராகிம் என்ற ராப்பர் வந்து வரிக்கு உள்ளேயே ஓசையைப் பின்னிக் காட்டினார், அதோடு பழைய அளவுகோல் உடைந்தது. ரோலண்ட் நிறுவனம் 1980இல் கொண்டுவந்த 808 தாளப்பெட்டி சில வருடத்திலேயே உற்பத்தியிலிருந்து போய்விட்டது, ஆனால் அதன் அடிமுழக்கம்தான் அட்லாண்டாவில் டிராப் என்ற ராப் வகை ஆகி இப்போது நம் பையன்கள் மோட்டாரில் போகும்போது நெஞ்சுக்குள் இடிக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு, அதனால் முதல் அரை நிமிடத்துக்குள் ஆளைப் பிடிக்கப் பார்க்கிறார்கள், பாட்டும் குட்டையாகிறது. குரலைக் கருவி போட்டு இழைக்கிறார்கள், ராப் பாதி, ராகம் பாதி. எனக்கு அதில் பாதிக்கு மேல் பிடிப்பதில்லை. ஆனால் பிடிக்காததும் ராப் இல்லாததும் ஒன்றல்ல. அந்த நடுவரிடம் நான் அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இத்தனை மாற்றத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை: சொந்த வரி. அடுத்தவன் எழுதியதைப் பாடுகிறான் என்று தெரிந்தால் ராப்பில் இன்றும் மானம் போய்விடும். நீங்கள் அதற்குத்தான் 10 புள்ளி வைத்திருக்கிறீர்கள்.

அடுத்து, தாக்கிப் பாடக்கூடாது என்ற நிபந்தனை. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அமெரிக்க ராப்பர்கள் டுபாக் 1996இலும் பிக்கி 1997இலும் சுடப்பட்டுச் செத்தார்கள், பாட்டுச் சண்டை அத்தனை பெரிய பகைக்கு நடுவே நடந்தது. இங்கேயும் சில பையன்கள் குண்டர் கும்பலின் அடையாளமான கேங் நம்பரைப் பாட்டில் போட்டுப் பெருமை பேசுகிறார்கள், அதைக் கேட்டால் எனக்கும் வயிறு கலங்குகிறது, என் வகுப்பில் படித்த இரண்டு பேரை அந்த வழியில் இழந்தவன் நான். அதைத் தடுங்கள். பெற்றோர், சாதி, உடம்பு, கேங், இது நான்கையும் தொட்டால் மேடையை விட்டு இறக்குங்கள்.

ஆனால் போட்டியையே எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? 2001 செப்டம்பரில் அமெரிக்க ராப்பர் ஜேசி தன் தொகுப்பில் இன்னொரு ராப்பர் நாஸைச் சீண்டினார். நாஸ் ஓய்ந்துவிட்டார் என்று பேச்சு இருந்த நேரம் அது. டிசம்பரில் நாஸ் திருப்பிக் கொடுத்த பாட்டு அவரையே தூக்கி நிறுத்தியது. 2005இல் இருவரும் ஒரே மேடையில் ஏறினார்கள், பிறகு ஜேசி தலைவராக இருந்த கம்பெனியிலேயே நாஸ் ஒப்பந்தம் போட்டார். யார் பெரியவர் என்று இன்றும் பேசுகிறார்கள். எனக்கு நாஸ். 2024இல் கென்ட்ரிக் லமாரும் டிரேக்கும் மோதியபோது சில வாரத்துக்குள் பாட்டு மேல் பாட்டு வந்தது, கென்ட்ரிக்கின் பாட்டு அடுத்த பிப்ரவரியில் ஐந்து கிராமி விருது வாங்கியது. எழுத்தில் கென்ட்ரிக் ஜெயித்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் குடும்பத்தை இழுத்து, பிறகு கோர்ட்டு வரை போன அந்தச் சண்டையை நம் பிள்ளைகள் பின்பற்ற வேண்டாம்.

நமக்கு அமெரிக்கா வரை போகவும் தேவையில்லை. வசை பாடக் காளமேகம் என்று பழமொழியே வைத்திருக்கிறோம். தஞ்சாவூர்ப் பக்கம் லாவணியில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி, விடிய விடிய உட்கார்ந்து பாட்டாலேயே கேள்வி கேட்டுப் பாட்டாலேயே பதில் சொல்லுவார்கள். டேப் என்ற கைப்பறையைத் தட்டிக்கொண்டு, எதிராளியின் வரியைப் பிடித்து மடக்கிக்கொண்டு. அதை மாரியம்மன் கோயில் வாசலில் நடத்தினால் நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவீர்கள்தானே, இதற்கும் அப்படி உட்காருங்கள்.

தலைப்பையும் நீங்களே கொடுங்கள். 'தோட்டமா, டவுனா' என்று ஒரு சுற்று வையுங்கள். இல்லாவிட்டால் தோட்டத் துண்டாடலைப் பற்றிக் கொடுங்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று நம் ஆட்கள் வீதிக்கு வந்த காலத்தில், 1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளிகளின் சொந்தக் காசிலேயே தோட்டம் வாங்கினார். அவர் நம் ஊர்க்காரர். அவரைப் பற்றி நம் ஊர் மேடையில் ஒரு பிள்ளை நாலு வரி ராப் பாடி நான் இதுவரை கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதோடு சரி.

என் கோரிக்கை இவ்வளவுதான். வரிக்கு 50 புள்ளி கொடுங்கள். அடுத்தவர் தாளம் பரவாயில்லை, வரி மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். கொச்சைத் தமிழ் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள், கெட்ட வார்த்தைக்கு வேண்டுமானால் புள்ளி வெட்டுங்கள். கடைசிச் சுற்றில் இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்துங்கள். நடுவர்களில் ஒருவராவது யாப்பு தெரிந்த தமிழாசிரியராகவும், ஒருவராவது ராப் எழுதுகிறவராகவும் இருக்கட்டும், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரட்டும். ஒலிபெருக்கிச் செலவில் என் பங்கைக் கொடுக்கிறேன், அன்றைக்கு நாற்காலி அடுக்கவும் வருகிறேன்.

பெயர் கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. போன வாரம் அந்தப் பெண்பிள்ளையை மார்க்கெட்டில் பார்த்தேன். இந்த வருடம் பாடுகிறாயா என்று கேட்டேன். புதுசாக எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் போட்டிக்குக் கொடுக்கவில்லை அங்கிள், ஷிப்ட் மாற்ற வேண்டும், மாற்றிவிட்டுத் திரும்பவும் அதே தாள் என்றால் எதற்கு என்றாள். உங்கள் புதுத் தாள் இந்த வாரத்துக்குள் வந்தால் நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கிறேன்.

அன்புடன்,
கடைசி வரிசையில் நின்றிருந்த ஒரு தகப்பன்,
சுங்கை சிப்புட்