குவினெவியரின் கதையைச் சொல்லப்போகும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

சனிக்கிழமைதோறும் நீ பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் ஆர்தர் மன்னன் கதை முடியும் தறுவாயில் இருப்பதாகவும், அரசி குவினெவியரைப் பற்றிப் பேச மட்டும் வாய் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். அவளுக்கும் ஆர்தரின் தலைசிறந்த வீரன் லான்சலாட்டுக்கும் இருந்த காதலை ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்ற உன் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்காக அவளை 'ஆர்தரின் அழகான மனைவி' என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடாதே.

ஆர்தர் கதைகளைத் தொகுத்து எழுதிய தாமஸ் மேலரியின் நூலில் (காக்ஸ்டன் அதை 1485-இல் அச்சிட்டார்), அவள் வீரர்களுக்கு அளித்த விருந்து ஒன்று வருகிறது. அங்கிருந்து தொடங்கிப் பார். ஆர்தரின் சகோதரி மகனான கவெய்னுக்கு ஆப்பிள் என்றால் உயிர் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அவனுக்காகவே பழங்களை வரவழைத்து மேசையில் வைக்கிறாள். கவெய்ன் மீது பழைய குடும்பப் பகை கொண்ட ஒருவன் அவற்றில் நஞ்சைக் கலந்துவிட, பாட்ரிஸ் என்ற வீரன் எடுத்துத் தின்று அங்கேயே இறந்துபோகிறான். விருந்து வைத்தவள் அரசி என்பதால் பழி அவள் மேல் விழுகிறது. 15 நாட்களுக்குள், குற்றம் சாட்டியவனோடு அவளுக்காகப் போரிட ஒருவன் முன்வராவிட்டால் அவளை எரித்துவிடுவார்கள். நீதி வழங்க வேண்டிய மன்னன் என்பதால் ஆர்தரால் மனைவிக்காக வாளெடுக்க முடியாது. அவள் கையால் விருந்துண்ட அத்தனை வீரர்களும் வாய்மூடி இருக்கிறார்கள். அந்த மௌனத்தைச் சற்று நேரம் நீடிக்க விடு. செய்யாத தவறுக்கு வகுப்பில் எழுந்து நின்ற பிள்ளைக்கு அது உடனே புரியும். கடைசி நேரத்தில் லான்சலாட் வந்து போரிட்டு அவளைக் காப்பாற்றுகிறான். உண்மைக் குற்றவாளி யாரென்பது பிறகுதான் வெளிப்படுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த இடம். ஆர்தர் கடல் கடந்து போரில் இருக்கும்போது, அவன் இறந்துவிட்டதாகப் பொய்க் கடிதம் தயாரித்து முடிசூடிக்கொள்ளும் அவன் மகன் மோர்ட்ரெட், அரசியையும் மணப்பேன் என்கிறான். மறுத்தால் என்ன நடக்கும் என்று அறிந்த குவினெவியர் இனிமையாகப் பேசிச் சம்மதிப்பதுபோல் காட்டி, கல்யாணச் சாமான் வாங்க லண்டன் போய்வர அனுமதி கேட்கிறாள். போனவள் வாங்கியது பட்டும் நகையும் அல்ல. லண்டன் டவர் கோட்டைக்குள் புகுந்து, தானியமும் ஆட்களுமாக அதை நிரப்பிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். மோர்ட்ரெட் முற்றுகையிட்டுத் தாக்கியும், ஆசைகாட்டியும் மிரட்டியும், கோட்டை அவனுக்குத் திறக்கவில்லை.

இதே கட்டத்தை ஏறக்குறைய 1136-இல் எழுதிய மான்மத் ஊர் ஜெஃப்ரியோ, அரசி தன் மணவாழ்வை முறித்துக்கொண்டு மோர்ட்ரெட்டோடு சேர்ந்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்த மேலரியின் கதையில், அதே பெண் கோட்டையைக் காத்து நிற்கிறாள். எந்த குவினெவியரைப் பிள்ளைகளிடம் அழைத்துச் செல்வது என்ற முடிவைக் கதைசொல்லிகள் தொடக்கத்திலிருந்தே எடுத்து வந்திருக்கிறார்கள். இப்போது உன் முறை.

காதலை மறைக்காதே, விவரிக்கவும் வேண்டாம். 'அரசிக்கு லான்சலாட்டை மிகவும் பிடித்திருந்தது, அது மன்னனுக்குத் துயரமாயிற்று, வீரர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள்' என்றால் ஒன்பது வயதுக்குப் போதும். அரசு அழிந்தது அவளால்தான் என்று மட்டும் சொல்லிவிடாதே. லான்சலாட்டின் வாளுக்கும், அதற்குத் தம்பிகளைப் பறிகொடுத்த கவெய்னின் பழியுணர்வுக்கும் மோர்ட்ரெட்டின் பேராசைக்கும் அதில் பங்குண்டு. மேலரியே அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்.

'இவள் நிஜமாகவே இருந்தாளா?' என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அவள் வாழ்ந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்று நேராகச் சொல்லிவிடு. பிறகு கிளாஸ்டன்பரி மடத்தின் கதையைச் சொல். 1191-ஐ ஒட்டி அங்கிருந்த துறவிகள் ஆர்தரின் கல்லறையைத் தோண்டி எடுத்ததாக அறிவித்தார்கள். அதனுள் பொன்னிறப் பெண்முடி ஒரு கற்றை நிறம் மங்காமல் இருந்ததென்றும், ஒரு துறவி ஆவலோடு அதைக் கையில் எடுத்த கணமே பொடிப்பொடியாய் உதிர்ந்துபோனதென்றும் ஜெரால்டு என்ற வேல்ஸ் நாட்டு எழுத்தாளர் குறித்து வைத்திருக்கிறார்.

இந்தச் சனிக்கிழமைக்கு ஆப்பிள் விருந்தை மட்டும் வைத்துக்கொள், கோட்டை அடுத்த வாரம் வரட்டும். பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
அக்கா