பஸ் கணக்கில் பிள்ளைகள் சறுக்கியது எங்கே?

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் ஏழாம் வகுப்பில் ஒரு கணக்கு கொடுத்தோம். மார்த்தாண்டத்தில் 40 பேருடன் ஒரு பஸ் புறப்படுகிறது. தக்கலையில் 12 பேர் இறங்குகிறார்கள், 7 பேர் ஏறுகிறார்கள். நாகர்கோவில் வரும்போது ஆண்களைவிடப் பெண்கள் 5 பேர் கூடுதல். பெண்கள் எத்தனை பேர்?

பஸ்ஸில் 35 பேர் என்பதுவரை பெரும்பாலான பிள்ளைகள் சரியாக வந்துவிட்டார்கள். அப்புறம் ‘கூடுதல்’ என்ற சொல்லைக் கண்டதும் 5-ஐக் கூட்டி 40 என்று எழுதிவிட்டார்கள். ஒரு மாணவியைக் கூப்பிட்டு, “பஸ்ஸில மொத்தம் எத்தனை பேரு மக்களே?” என்று மட்டும் கேட்டேன். பென்சிலைக் கடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நோட்டின் ஓரத்தில் இரண்டு கோடு போட்டாள், ஒன்று சற்று நீளம். நீண்டிருந்த துண்டில் 5 என்று எழுதி, மீதி 30-ஐப் பாதியாக்கினாள். ஆண்கள் 15, பெண்கள் 20.

கூட்டல், கழித்தல், வகுத்தல் எல்லாம் அவளுக்கு முன்பே தெரியும். சட்டென்று தோன்றும் விடையை நிறுத்திவைப்பதும், 35-ஐ மனதில் பிடித்துக்கொண்டே அடுத்த வரியைப் படிப்பதும், ஒரு வழி அடைத்தால் வேறு வழிக்கு மாறுவதும்தான் கைகூடவில்லை. இவற்றை உளவியலில் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்கிறார்கள். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அந்தப் பகுதி முழுதாக முதிர இருபது வயது தாண்டியும் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே 12 வயதுப் பிள்ளை அவசரப்பட்டால் ‘மண்டையில ஒண்ணும் ஏறாது’ என்று தயவுசெய்து திட்டாதீர்கள். அந்தச் சொல் பிள்ளையின் மனதில் தங்கிவிடும். கணக்கு நோட்டைத் திறக்கவே பயம் வரும்.

வீட்டில் மூன்று தட்டுகளை எடுங்கள். பெரியதன்மேல் நடுத்தரம், அதன்மேல் சிறியது. தரையில் மூன்று இடம் குறித்து, அடுக்கை முதல் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான். சிறியதன்மேல் பெரியதை வைக்கக் கூடாது. இது 1883-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எத்வார் லூக்காஸ் வெளியிட்ட புதிர். 7 நகர்த்தலில் முடிக்கலாம். கை வைப்பதற்கு முன், “முதல்ல எதை, எங்க வைக்கப் போற?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த விளையாட்டையே சொல்கிறேன். ஏனென்றால், புதிரிலோ செல்போன் விளையாட்டிலோ பழகிய திறமை தானாகப் பாடத்துக்கும் வந்துவிடும் என்று நம்ப முடியாது. அதே கேள்வியை வீட்டுப்பாடத்திலும் கேட்டால்தான் பலன்.

விடிவதற்கு முன்பே ரப்பர் பால் வெட்டவும் கடலுக்கும் போகிற பெற்றோர் நம்மில் நிறையப் பேர். உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். நாளைய பையை இரவே பிள்ளை தானாக அடுக்கட்டும். எதையாவது மறந்தால் மறுநாள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வருகிற வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பெற்றோர் கூட்டம். பிள்ளையின் கணக்கு நோட்டோடு வாருங்கள். அடித்துத் திருத்திய பக்கங்களைச் சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்