அட்மிஷன் ஒன்றுதான் வழியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எண்பது வயதுப் பெரியவருக்குச் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல் என்றால் உடனே 'அட்மிட் பண்ணிடுங்க' என்கிறார்கள். பல நேரம் தேவைப்படுவது ஆன்டிபயாடிக் ஊசியும் கொஞ்சம் கண்காணிப்பும்தான். வார்டில் படுத்தால் ராத்திரித் தூக்கம் கெட்டு, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் குழம்பி, டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிப் போடுகிறவர்கள் உண்டு. நடந்து போனவர் கைத்தாங்கலாகத் திரும்பி வருவதும் உண்டு.

இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். இதற்காகவே 'விர்ச்சுவல் வார்டு' நடத்துகிறது. நோயாளி வீட்டிலேயே இருப்பார், நர்ஸ் வந்து மருந்து ஏற்றுவார், மருத்துவக் குழுவினர் தினமும் விசாரிப்பார்கள், மோசமானால் ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்கள். கொரோனா நேரத்தில் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிக்கொண்டு வீட்டில் கிடந்த நமக்கு இது ஒன்றும் புதிதில்லை.

2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் பிசியோதெரபியையும் வாசலுக்கே கொண்டுவருகிறது (நல்ல திட்டம், குறை சொல்லவில்லை). அதிலேயே சில நாள் ஊசி மருந்தையும் சேர்த்தால் என்ன? நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் 108-தான், அதில் பேச்சே இல்லை.

அப்புறம் காப்பீடு. பல பாலிசிகளில் வீட்டுச் சிகிச்சைக்குப் பணம் வேண்டுமென்றால் நோயாளியை நகர்த்தவே முடியாத நிலை இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் படுக்கை காலியில்லாமல் இருக்க வேண்டும். அதை மாற்றாதவரை யார் வீட்டில் வைத்துப் பார்க்கத் துணிவார்கள்?

- வாசகர், திருச்சி