பைன் ரிட்ஜ் பாதைக்குக் கை கொடுங்கள்

அன்புள்ள நண்பர்களே,

கலிபோர்னியாவில் பிக் சர் வனக்காவலர் நிலையத்திலிருந்து சைக்ஸ் முகாம் வரை பத்து மைல் போகிறது பைன் ரிட்ஜ் பாதை. தொடக்க ஏற்றத்தில் மூச்சு வாங்கி, ரெட்வுட் மர நிழலில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலம் பிரித்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்தப் பாதைக்காகத்தான் இப்போது கேட்கிறோம்.

2016 ஜூலையில் யாரோ விதியை மீறி மூட்டிய முகாம் நெருப்பிலிருந்து கிளம்பிய சோபரானெஸ் காட்டுத்தீ, 1,32,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. சரிவின் மண்ணை வேரால் பிடித்திருந்த புதரும் அதோடு போயிற்று. அடுத்து வந்த குளிர்கால மழையில் மலை பல இடங்களில் சரிந்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டு மூடிக் கிடந்த பாதை 2021இல்தான் திறந்தது.

திறந்தாலும் வேலை ஓயவில்லை. எரிந்து நின்ற மரங்கள் வேர் மக்கி இன்றும் பாதையில் விழுகின்றன. வெட்டாமல் விட்டால் புதர் வழியையே மறைத்துவிடும். இது வென்டானா என்னும் பாதுகாக்கப்பட்ட காட்டுப்பகுதி. இத்தகைய காடுகளுக்கான 1964ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி உள்ளே மோட்டார் ரம்பம் கூடாது. இருவர் இரு முனையில் நின்று இழுக்கும் நீள ரம்பம்தான். மரத்தின் பாரம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்க்காமல் அறுத்தால் ரம்பம் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஆப்படித்துத்தான் மீட்க வேண்டும். போன முறை ஒரே மரத்துக்கு எங்கள் நால்வருக்கு அரை நாள் ஆயிற்று. ஆனாலும் அந்தச் சட்டம் சரி என்பதே எங்கள் எண்ணம். இயந்திர ஓசை இல்லாத மலை என்றுதானே அங்கே போகிறோம்!

வரும் வசந்த காலப் பணிக்கு 6,500 டாலர் வேண்டும். இரண்டு ரம்பம், அவற்றைப் பதமாகத் தீட்டும் கூலி, கருவிகளைச் சுமக்கும் கோவேறு கழுதைகளின் வாடகை, ஐந்து நாள் சாப்பாடு, அவ்வளவுதான். குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது. பணம் குறைந்தால் சாப்பாட்டை நாங்களே சமைத்து எடுத்துப் போவோம். தீட்டும் கூலியில் கை வைக்க மாட்டோம், மொட்டை ரம்பம் ஆளைத்தான் அறுக்கும்.

பத்து டாலரானாலும் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பணி முடிந்த மாதமே வரவு செலவுக் கணக்கை எல்லோருக்கும் அனுப்புவோம்.

பணம் தர இயலாதவர்கள் ஆளாக வாருங்கள். ரம்பம் பிடிக்கப் பயிற்சிச் சான்று வேண்டும். புதர் வெட்டக் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போதும். பட்டால் தோல் அரித்துத் தடிக்கும் பாய்சன் ஓக் செடியும் உண்ணியும் நிறைய, அதனால் கால்சட்டையும் முழுநீளமாக இருக்கட்டும்.

அன்புடன்,
பாதைச் சீரமைப்புக் குழுவினர்